எருமைக்குப் போட்ட கட்டை

கீதன்,

நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தை விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கியிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தில் நான் அதை விசாரிக்கவில்லை. நாலு வருடமாக உன் சுகத்தில் ஒரு பங்கை எடுத்து ஒளித்து வைத்திருந்தவள் நான். எந்த முகத்தோடு கேட்பது?

போனில் சொல்லிவிடு என்றுதான் அப்பா சொன்னார். என்னை எனக்குத் தெரியும். பாதி சொல்வேன், உடனே "சாப்பிட்டனியே?" என்று கேட்டுத் தப்பிவிடுவேன். நீயும் "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். இந்த வீட்டில் எத்தனையோ விஷயம் அப்படித்தான் சாப்பாட்டுக்குள் மூடுண்டு போயிருக்கிறது. எழுதினால் தப்ப முடியாது. தமிழில்தான் எழுத வருகிறது எனக்கு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். எழுத்துக் கூட்டி வாசித்தாலும் பரவாயில்லை, ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன் வாசித்து முடி. ஜென்னிக்கு நீ பதில் சொல்ல வேண்டிய நாள் அது.

போன ஞாயிற்றுக்கிழமை நண்டுக்குழம்பு சாப்பிட்டபடி அந்தச் செய்தியைச் சொன்னாய். நீ படிக்கிற காலத்தில் விடுமுறைக்கு வேலை செய்த மலை லொட்ஜை நடத்துகிற அதே ஜென்னி, உன்னைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வருடம் முழுக்க வேலை, தங்க இடம், ஸ்னோமொபைல்களைப் பார்த்துக்கொள்வது, விருந்தினரைப் பனியில் ஏற்றி இறக்குவது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அடுத்த வசனத்திலேயே நீ அதை அணைத்தாய். "இல்லையெண்டு சொல்லப் போறன் அம்மா. எனக்கு அந்தக் கை இல்லை. ஒருக்கா ஏறிக் காட்டிட்டன்தானே." அப்பா வழக்கம்போல, "பாலைப் பனிக்கு ஊத்தினவன்தானே நீ" என்று பகிடி விட்டார். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே நண்டுக் காலைக் கடித்தாய். நான் எழுந்து குசினிக்குள் போனேன், ரசம் சுடவைக்க என்று. ரசம் ஏற்கனவே சூடாகத்தான் இருந்தது.

நான் செய்ததைச் சொல்ல முன்னம், அந்த ஸ்னோமொபைல் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதி.

ஜென்னி புது மெஷின் வாங்கினாள், பழையதை யாராவது கொண்டுபோனால் போதும் என்றாள். நீ கோப்பை கழுவப் போனவன், ஒரு பழைய இரும்பையும் கட்டிக்கொண்டு வந்தாய். இந்த நாட்டு ஜனவரிக் கோடை வெயில். ஸ்பிரிங்வேலில் தார் ரோட்டு உருகுகிறது. எங்கள் வீட்டு வாசலில் பனியில் ஓடுகிற வண்டி. முன்னால் சறுக்கிப் போக இரண்டு ஸ்கீ, பின்னால் ஒரு ரப்பர் பட்டி, நடுவில் கிழிந்த சீற். பக்கத்து வீட்டு மனிதர் அரைக் காற்சட்டையோடு வந்து பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி உள்ளே போனார். "இஞ்ச பனி எங்கயடா விழுகுது?" என்று நான் கத்தினேன். "திருத்திப் போட்டு மேல கொண்டு போகலாம் அம்மா. திருத்தினா ரெண்டாவது மெஷினா வச்சிருக்கலாம் எண்டு ஜென்னி சொன்னவ. நீங்கதானே ஸ்பிரிங் எல்லாம் செய்யிறனீங்கள்" என்றாய். அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். டண்டினோங்கில் ட்ரெயிலர்களுக்குச் சில்லும் ஸ்பிரிங்கும் பூட்டுகிற தொழிற்சாலையில் பதினேழு வருடம் நின்றவள் நான். அந்தப் பதினேழு வருடத்தில், நான் என்ன வேலை செய்கிறேன் என்பதைப் பெருமையாகச் சொன்ன முதல் ஆள் நீ.

எந்தப் புது வாகனமானாலும் கோயிலில் பூசை செய்யாமல் ஓட்டக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்ததும், ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு போனதும் நினைவிருக்கிறதா? ஐயர் மூன்று தரம் சுற்றி வந்தார். "பிள்ளை, இதுக்குச் சில்லு எங்க?" என்று கேட்டார். "சில்லு இல்லை ஐயா, பட்டிதான்" என்றாய். "அப்ப தேசிக்காயை நான் எங்க வைக்கிறது?" பாவம் மனிதர். கடைசியில் இரண்டு ஸ்கீக்கும் அடியில் ஒவ்வொன்று வைத்து, நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். தேசிக்காய் நசுங்கவில்லை. வழுக்கி உருண்டு வாய்க்காலுக்குள் போய் விழுந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் மட்டும் ஒருவருக்கும் தெரியாமல் வாய்க்காலடிக்குப் போய், ஒன்றை எடுத்து, குதிக்காலால் நசுக்கிவிட்டு வந்தேன். நடக்க வேண்டியது தானாக நடக்காவிட்டால் மறைவில் நின்று நடத்தி வைக்கிற குணம் எனக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது.

அந்த முதல் குளிர்காலம் முழுக்க ஒரே முறைப்பாடு. "கைபிடியைத் திருப்பினாலும் நேரதான் போகுது அம்மா." அப்பா அதற்கு எருமை என்று பேர் வைத்தது அப்போதுதான். எனக்குத் தெரியாத ஸ்பிரிங்கா என்று, முன் ஸ்பிரிங் இரண்டையும் இறுக்கி விட்டேன். ட்ரெயிலருக்கு அது சரி. பாரம் கூடினால் இறுக்கு, அவ்வளவுதான் எங்கள் தொழிற்சாலைப் பாடம். அடுத்த வாரம் நீ தோளைத் தடவிக்கொண்டு வந்தாய். கைபிடி கல்லாய்க் கிடக்கிறது, வேறு மெஷின் போன தடத்தைக் கண்டால் தானே அதற்குள் பாய்கிறது என்றாய். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை. அதை ஒத்துக்கொள்ளாமல் "பழகப் பழகச் சரிவரும்" என்றேன். இது என்னுடைய சின்னப் பிழை. சின்னப் பிழையை ஒத்துக்கொள்ளாதவளுக்குப் பெரிய பிழை சுலபமாக வரும்.

பிழையைக் கண்டுபிடித்தவன் நீ. அதை நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை. கார் கொட்டகையில் மெஷினைச் சரித்து வைத்துவிட்டு, கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் மல்லாக்கப் படுத்து, ஸ்கீயின் அடியைக் கையால் தடவிக்கொண்டே போனாய். "அம்மா, இஞ்ச தொட்டுப் பாருங்கோ." ஸ்கீயின் அடியில் நீளமாக ஒரு இரும்புக் கம்பி ஓடும். பனியைக் கடித்துப் பிடிப்பது அதுதான். அது தேய்ந்து தேய்ந்து கரண்டிக் காம்பு மாதிரி வழவழவென்று இருந்தது. மழுங்கின கத்தியால் தக்காளி வெட்டுகிற மாதிரி இவ்வளவு நாளும் ஓட்டியிருக்கிறாய். பிடிப்பு இல்லாத இடத்தில் நான் ஸ்பிரிங்கை இறுக்கி என்ன பயன்? கம்பியை மாற்றினாய், நான் இறுக்கினதை நீயே அளவாகத் தளர்த்தினாய், எருமை திரும்பத் தொடங்கியது. பதினேழு வருட அனுபவத்துக்குத் தெரியாததை உன் விரல் கண்டுபிடித்தது. இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "கையைக் கழுவிப் போட்டு வா, தேத்தண்ணி ஆறுது."

எருமை திரும்பத் தொடங்கியதும் நீ வேகம் எடுத்தாய். இரண்டாவது குளிர்காலம் தொடங்கினபோது ஒரு வீடியோ அனுப்பினாய். ஒரு பனி மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் போய் விழுந்து, கூவிச் சிரித்துக்கொண்டு திரும்பி வருகிறாய். அப்பா பார்த்துவிட்டு "கெட்டிக்காரன்" என்றார். நான் குசினிக் கதிரையில் இருந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். உன் சிரிப்பு எனக்குக் கேட்கவில்லை. மெஷின் நிலத்தை விட்டு எழும்புகிற அந்த ஒரு கணம்தான் கண்ணுக்குள் நின்றது. உன் சின்ன மாமா மோட்டார் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை என்பது உனக்குத் தெரியும். அவன் வேகத்தால் போகவில்லை என்பதும் தெரியும். போர் நடக்கிற ஊரில் மெதுவாகப் போனவனும் வரவில்லை. ஆனால் பயத்துக்கு நியாயம் தெரியாது, அதற்குப் பிடித்துத் திருக ஒரு திருகாணி வேண்டும். எனக்கு அந்தத் திருகாணி கிடைத்தது.

அந்த மாதம் கைபிடியில் இருக்கிற வேக லீவருக்குப் புதுக் கேபிள் போட வேண்டும் என்று மெஷினைக் கீழே கொண்டு வந்தாய், நினைவிருக்கும். கேபிளைப் போட்டது நான். நீ நண்பர்களோடு வெளியே போயிருந்தாய். பழைய மரக்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகையில் ஒரு மூலையை அறுத்து, துளைத்து, உருட்டி, பெருவிரல் அளவில் ஒரு வளையம் செய்தேன். எஞ்சினுக்குப் பெற்றோலும் காற்றும் போகிற காபரேட்டருக்குள் ஒரு உருளை இருக்கிறது. நீ லீவரை அழுத்தினால் அது மேலே போகும், எஞ்சின் வலு கூடும். அந்த உருளை பாதிக்கு மேல் போகாதபடி வளையத்தை உள்ளே வைத்து மூடினேன். எங்கள் தொழிற்சாலையில் பாரம் தூக்குகிற ஃபோர்க்லிஃப்டுகளுக்கு இப்படித்தான் வேகத்தைக் கட்டி வைத்திருப்பார்கள். ஒருவரும் சாகக்கூடாது என்பதற்காகச் செய்வது. ஊரில் கட்டாக்காலி மாட்டின் கழுத்தில் கட்டை கட்டிவிடுவார்களே, அந்த மாதிரி. நல்ல காரியம் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். செய்யும்போது வாய்க்குள் தேவாரம்கூடச் சொன்னேன்.

நீ வந்து லீவரை அழுத்திப் பார்த்தாய். "என்ன அம்மா, முழுக்கப் போகுதில்லையே?" அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பழைய மெஷினடா. அதின்ர வலு அவ்வளவுதான். முந்தி கேபிள் இழுபட்டுக் கிடந்தபடியால் உனக்குக் கூடப் போற மாதிரித் தெரிஞ்சது" என்றேன். நீ ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாய். பிறகு "ஓகே அம்மா" என்றாய். நீ நம்பினது மெஷினை இல்லை கீதன், என்னை.

பிறகு நடந்ததை நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். இப்போது நான் உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நீ சொன்ன கதை பிழை. கார் தரிப்பிடத்திலிருந்து லொட்ஜுக்குப் பால் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தாய். பகல் வெயிலில் பனி இளகிப் பாரமாகக் கிடந்தது. லொட்ஜுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறினாய். அப்படிப்பட்ட பனியில் முழு வலுவையும் கொடுத்தால்தான் முன்பக்கம் மிதந்து மேலே போகும். குறைத்தால் புதையும். நீ முழுக்க அழுத்தினாய். முழுக்க என்று நீ நினைத்தது பாதி. நடு மேட்டில் மெஷின் நின்றது, பின்னால் வழுக்கியது, பக்கவாட்டில் திரும்பிச் சரிந்தது, பால் எல்லாம் பனியில் கொட்டியது, உன் கணுக்கால் மெஷினுக்குக் கீழே. 

மலையடிவார ஆஸ்பத்திரிக்கு நானும் அப்பாவும் ஓடி வந்தபோது ஜென்னி உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் உன்னைக் குறை சொல்லவில்லை. அந்தப் பழைய மெஷின் எத்தனையோ வருடமாக அந்த மேட்டில் ஏறி இறங்குகிறது, ஏன் நின்றதென்று விளங்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அது ஒரு கேள்வி. அந்த அறையில் பதில் தெரிந்த ஒரே ஆள், கையில் சூப் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தாள். நான் வாய் திறக்கவில்லை. நீதான் திறந்தாய். "என்ர பிழைதான். மெஷின்ர வலு தெரிஞ்சும் ஏறினனான். கடைசியில கையும் நடுங்கிட்டுது." என் பக்கம் திரும்பி, "சொறி அம்மா" என்றாய். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். நான் உன் தலையைத் தடவி, "பரவாயில்லை ராசா" என்றேன். இந்த நாலு வருடத்தில் நான் எத்தனையோ கோயில் சுற்றியிருக்கிறேன். அந்தப் "பரவாயில்லை" என்னை விட்டுப் போகவில்லை.

மெஷின் வீட்டுக்கு வந்த அடுத்த நாளே வளையத்தைக் கழற்றி எடுத்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எவ்வளவு சுலபம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பொத்தான் போட்டு வைக்கிற பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு மூடினேன். கால் சுகமானதும் சொல்லலாம் என்றிருந்தேன். கால் சுகமானது. அடுத்த குளிர்காலம் நீ மலைக்குப் போக மாட்டாய் என்றாய். அப்போது சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் ட்ருகனினாவில் கிடங்கு வேலை கிடைத்தது, சந்தோஷமாக இருக்கிறான், ஏன் கிளறுவான் என்று விட்டேன். கிடங்கு வேலையை நான் குறைவாகச் சொல்வேனா? தொழிற்சாலைத் தரையில் நின்றுதான் உன்னை வளர்த்தேன். ஆனால் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன் மச்சாளின் கலியாணத்துக்குப் போனபோது வானை ஓட்டச் சொல்லித் திறப்பை உன்னிடம் நீட்டினார்கள், நீ அதைத் தொடக்கூட இல்லை, "வேற ஆரும் ஓட்டுங்கோ" என்றாய். ஒரு கதிரை வாங்குவதற்கும் மூன்று பேரிடம் கேட்கிறாய். முன்னம் நீ அப்படி இல்லை. அது வயதால் வந்த அடக்கம் என்று மற்றவர்கள் மெச்சினார்கள். நானும் தலையாட்டினேன்.

சித்திரை மாதம் கொட்டகையைத் துப்புரவாக்கும்போது மெஷினின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தேன். ஒரு குறுக்குப் புத்தி வந்தது. உண்மையைச் சொல்லாமலே பிராயச்சித்தம் செய்துவிடலாம், இதை நல்லாகத் திருத்தி வைத்துவிட்டால் போதும் என்று. ஸ்கீயின் நுனியைப் பிடித்து ஆட்டினேன். ஆடின பல்லு மாதிரி ஆடியது. கைபிடியிலிருந்து ஸ்கீ வரைக்கும் இருக்கிற மூட்டுகளில் எல்லாப் புஷ்ஷும் தேய்ந்திருந்தது. புதுசு வரவழைத்து, ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றி, கிரீஸ் அடித்தேன். பிறகு ஸ்கீ இரண்டும் பார்க்கிற திசை. கைபிடியை நேரே கட்டி வைத்துவிட்டு, பின்பட்டியோடு ஒரு நேரான அலுமினியச் சட்டத்தை அணைத்து அளந்தால், ஒன்று சந்தியைப் பார்க்கிறது, மற்றது சந்தைக் கடையைப் பார்க்கிறது. பின்பக்கத்தை விட முன்பக்கம் ஒரு நூல் மட்டும் வெளியே விரிந்திருக்க வேண்டும். சரிசமமாக வைத்தால் ஓடும்போது தடுமாறும். அந்த ஒரு நூலுக்கு எனக்கு இரண்டு சனிக்கிழமை போனது. பின் பட்டிக்குள் முன்பக்கத்தை இழுத்துப் பிடிக்கிற வார் ஒன்று இருக்கிறதல்லவா, அதை ஒரு துளை குட்டையாக்கினேன். இப்போது மெஷினின் பாரம் கொஞ்சம் முன்னுக்கு, ஸ்கீயின் மேல் இருக்கிறது. முன்னால் பாரம் இல்லாவிட்டால் எது திரும்பும்? அந்த முதல் குளிர்காலம் ஸ்பிரிங்கை இறுக்கி நான் செய்ய நினைத்தது இதைத்தான். ஒரு துளை போதும் என்று இப்போதுதான் தெரிந்தது.

எல்லாம் முடிந்ததும் சீற்றில் ஏறி இருந்து லீவரை அழுத்திப் பார்த்தேன். எஞ்சின் ஓடவில்லை, சும்மாதான். முழுக்கப் போனது. விரல் எடுக்கத் திரும்பி வந்தது. திரும்பவும் அழுத்தினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த மாதமே ஞாயிற்றுக்கிழமை வந்து நண்டுக்குழம்பு சாப்பிட்டபடி "எனக்கு அந்தக் கை இல்லை" என்றாய். மெஷினைத் திருத்திவிட்டேன், உன்னைத் திருத்தவில்லை என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. திருத்த வேண்டியது உன்னை இல்லை என்பது ரசம் கொதித்து வழிகிறபோதுதான் ஏறியது.

நீ போன பிறகு அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "எனக்கும் சொல்லேல்லையே நீ. நாலு வருசமா நான் அவனைப் பயந்தாங்கொள்ளி எண்டு பகிடி பண்ணிக்கொண்டெல்லோ இருக்கிறன்" என்றார். கண் கலங்கியிருந்தது. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வெளியே போய் ட்ரெயிலர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றார். அவர் பேசுகிற விதம் அதுதான்.

அதற்குப் பிறகு ஜென்னிக்குப் போன் எடுத்தேன். உனக்கு முன்னம் அவளுக்குச் சொன்னது பிழைதான். ஆங்கிலத்தில் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது, வேறு யாரோ செய்த குற்றம் மாதிரி. ஒரு ஒத்திகை என்று வைத்துக்கொள். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, வெள்ளிக்கு முன் அவனுக்குச் சொல், வேறொன்றும் செய்யத் தேவையில்லை என்றாள். இந்தக் கடிதத்தை நீ யாருக்கும் காட்டலாம். மச்சாளுக்குக் காட்டு, நண்பர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல். நீ பழியை எல்லாருக்கும் முன்னால் ஏற்றாய். நான் மட்டும் அதை மூடின கடிதத்தில் ஏற்கக் கூடாது.

புத்தி சொல்லாமல் ஒரு தாய் கடிதம் எழுதினால் நீயே நம்ப மாட்டாய், ஆகையால் ஒன்றே ஒன்று. அந்த ஃபோர்க்லிஃப்டுகளை நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும், எவ்வளவு வேகத்துக்குக் கட்டியிருக்கிறது என்று ஓட்டுகிறவன் கண்ணுக்கு முன்னால் பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அதற்குத் தக்க மாதிரி ஓட்டுவான். நான் அந்தக் கட்டையைக் கண்டேன், அந்த எழுத்தைக் காணவில்லை. நாளைக்கு உனக்கும் பயம் வரும். மனைவிக்காக, பிள்ளைக்காக, உன்னிடம் வேலை பழக வருகிறவனுக்காக. பயம் வந்தால் அவர்களுக்கு முன்னால் கத்து, சண்டை பிடி, அழு. எதையாவது கட்டத்தான் வேண்டுமென்றால் சொல்லிவிட்டுக் கட்டு.

வேலைக்குப் போ என்று நான் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. சொன்னால் அது இன்னொரு வளையம். கிடங்கில்தான் இருக்கப் போகிறாய் என்றால் இரு. ஆனால் உனக்குக் கை இல்லை என்ற காரணத்தைச் சொல்லிக்கொண்டு இராதே. அந்தக் காரணத்தை மரக்கறிப் பலகையில் அறுத்துச் செய்தது நான். அந்த வளையத்தை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். பார், ஒரு பக்கம் கத்தி கீறின கோடுகள் இன்னும் இருக்கின்றன. கோபம் வந்தால் கோபி. எத்தனை நாள் வேண்டுமானாலும். நான் போன் எடுத்து "சாப்பிட்டனியே?" என்று கேட்க மாட்டேன்.

சனிக்கிழமை காலை நானும் அப்பாவும் எருமையை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறோம். இந்த வருடம் பனி நேரத்தோடு விழுந்து நன்றாகக் கிடக்கிறதாம். அந்த மேட்டில் ஏறிப் பார்க்க ஜென்னி அனுமதி தந்துவிட்டாள். தேசிக்காய் கொண்டுவரப் போவதில்லை. ஓட்டுகிறதற்கு நீ வந்தால் வா. வராவிட்டால் அப்படியே திருப்பிக் கொண்டு வருவோம், அதிலும் எனக்கு வருத்தமில்லை. வந்தாயென்றால், சீற்றில் உனக்குப் பின்னால் நான் ஏறுகிறேன். இத்தனை வருடத்தில் அதில் ஒருநாளும் ஏறினதில்லை. எனக்கும் ஒரு ஹெல்மெட் கேட்டு வை, கொண்டைக்கு இடம் இருக்கிற மாதிரிப் பார்த்து எடு. வளைவில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஏற முன்னம் சொல்லித் தா, நீ சாய்கிற பக்கம் நானும் சாய்கிறேன்.

அந்த மேடு வந்ததும் லீவரை முழுக்க அழுத்து. நான் கத்துவேன். நீ விரலை எடுக்காதே.

அம்மா